நீங்க கயவருங்க, சார்

மதிய மணி அடித்து ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர்ச்சோற்றின் ஓரத்தில் இருந்த எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தேன். எஸ்தர் டீச்சர் ஆசிரியர் அறைக்குள் வந்து என் மேஜைக்கு எதிரே நின்றார்.

"சாப்பிட்டுட்டு இருக்கீங்க. முடிச்சுப்போட்ட பொறகு சொல்லட்டுங்களா சார், இப்பவே சொல்லிப்போடட்டுங்களா?"

"அதென்னங்க டீச்சர், இப்பவே சொல்லுங்க."

"நீங்க கயவருங்க, சார்."

அறையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். வாலிபால் வலையைத் தைத்துக்கொண்டிருந்த டிரில் மாஸ்டரின் ஊசி நின்றது. கணக்கு டீச்சர் நோட்டுத் திருத்துவதை நிறுத்தினார். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியர் இருமிக்கொண்டிருந்தார். அந்த இருமலும் பாதியில் நின்றது. புளிப்பு மட்டும் என் நாக்கில் ஏறிக்கொண்டே போனது.

திட்டு என்றால் எனக்குப் பழக்கம்தான். பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். லேத் சத்தத்தை மீறித் திட்டினால்தான் காதில் விழும் என்கிற ஊர் அது. ஆனால் இப்படி அனுமதி கேட்டு, "ங்க"வும் போட்டு, கடைசியில் "சார்" என்றும் சேர்த்து ஒருவர் திட்டி நான் கேட்டதில்லை. இத்தனை மரியாதையாகத் திட்டினவரிடம் எப்படி ஐயா சண்டைக்குப் போவது?

இந்தத் தொடரில் என் வீரப் பிரதாபங்களையே எழுதி வருகிறேன் என்று தாராபுரத்திலிருந்து ஒரு வாசகி கார்டு போட்டிருக்கிறார். ஆய்வகத்தில் பாம்பைப் பிடித்தேன், நிற்காத பஸ்ஸை மறித்தேன் என்றே வாராவாரம் போகிறதாம். நியாயம்தான் அம்மணி. இந்த வாரம் வீரம் என்னுடையது இல்லை. படித்துவிட்டு இன்னொரு கார்டு போடுங்கள்.

தண்ணீராய்ச் செலவழித்தவன்

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற பாதையில் ஒரு கிராமம். அங்கிருந்த உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். பல்லடத்தில் தறிக்கூடத்துக்கு மேலே ஒரு ரூம் எடுத்துத் தங்கி, டிவிஎஸ் ஐம்பதில் போய் வந்துகொண்டிருந்தேன். வயது முப்பத்திரண்டு. மூக்குக்கு மேலே கோபம் வரும்.

"கயவாளிப் பயலே" என்பது என் வாயில் சர்வசாதாரணம். வீட்டுப்பாடம் எழுதாதவன் கயவாளி. சோதனைக் குழாயை உடைத்தவன் கயவாளி. ஸ்டார்ட் ஆகாத வண்டிகூடக் கயவாளிதான். அந்தப் பேச்சு என் அப்பாவிடமிருந்து வந்தது. மாட்டுச் சந்தையில் தரகு பேசியவர் அவர். அவர் அகராதியில் நடக்க மறுக்கிற காளை முதல் கல்யாணத்துக்கு அழைக்காத பங்காளி வரை எல்லாருக்கும் அந்த ஒரே பட்டம்.

அந்தக் காலத்தில் பல்லடம் பஸ் ஸ்டாண்டுச் சுவரைப் பார்த்தாலும் இதே கதைதான். "கயவர்களைக் கைது செய்!" "கயவர் கூட்டமே எச்சரிக்கை!" இந்தக் கட்சி ஒட்டியதன் மேல் அந்தக் கட்சி ஒட்டும். போன வாரத்துக் கயவர் இந்த வாரம் கூட்டணியில் சேர்ந்து கைகூப்பிக்கொண்டு நிற்பார். யார் கயவர், யாருக்குக் கயவர் என்று பஸ்ஸுக்கு நிற்கிற யாரும் நின்று படித்ததாக எனக்கு நினைவில்லை.

எஸ்தர் டீச்சர் இதற்கு நேர் எதிர். தமிழ் ஆசிரியை. என்னைவிட இரண்டு வயது இளையவர். தாராபுரம் பக்கத்துக் காலனி ஒன்றில், தலைமுறை தலைமுறையாகப் பண்ணைய வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்து, அந்தத் தெருவில் முதன்முதலாகத் தமிழ் எம்.ஏ. முடித்தவர். ஒல்லியான உருவம், ஓங்கிப் பேசாத குரல். நாலாவது பெஞ்சில் எவனாவது சேட்டை செய்தால், "கண்ணு, ஏன் இப்படிப் பண்ற?" என்று மட்டும் கேட்பார். கேட்கப்பட்டவன் அன்று முழுக்கத் தலை குனிந்தே இருப்பான்.

ஒருநாள் நான் பையன் ஒருவனை வழக்கம்போலக் கயவாளி என்று கத்திவிட்டு வந்தபோது, வராந்தாவில் நிறுத்தினார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அந்த வார்த்தைய எல்லாத்துக்கும் எடுக்கறீங்க. அது அப்படி எடுக்கற வார்த்தை இல்லீங்க."

"பின்ன எப்படி எடுக்கறதுங்க?"

"திருடனைத் திருடன்னு சொல்லிப்போடலாமுங்க. குடிகாரனைக் குடிகாரன்னு சொல்லிக்கலாம். அவிய தப்பு அவிய மூஞ்சியிலயே தெரியுமுங்க. தப்புன்னு நல்லாத் தெரிஞ்சும், நல்லவனாட்ட மூஞ்சிய வெச்சுட்டு ஒருத்தன் செய்யறான் பாருங்க, அவனுக்குன்னு ஒதுக்கி வெச்ச வார்த்தைங்க அது. நான் இது வரைக்கும் ரெண்டே பேரைத்தான் சொல்லியிருக்கறனுங்க."

"யாருங்க அந்த ரெண்டு பேரு?"

"ஒருத்தரு எங்க சித்தப்பா. பெத்த தாயை மாட்டுக் கட்டுத்தறியில படுக்க வெச்சுட்டு, அன்னையர் தினத்தன்னிக்குச் சர்ச்சுல ஜெபம் பண்ணுனாருங்க. கண்ணுல தண்ணி விட்டுட்டு."

இன்னொருவர் யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாவது இடம் காலியாக இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நோட்ஸில் இருந்த பொருள்

அந்த வார்த்தையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும்.

பத்தாம் வகுப்புச் செய்யுளில் அது வரும். பிள்ளைகள் எல்லாரும் வைத்திருந்த நோட்ஸில், கயவர் என்றால் கீழ்மக்கள் என்று பொருள் போட்டிருந்தார்கள். எஸ்தர் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையின் நோட்ஸையும் வாங்கி, அந்த ஒரு சொல்லைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தில் வேறு எழுதிக் கொடுப்பார். நாற்பது நோட்ஸ் என்றால் நாற்பதிலும்.

மேலிருந்து ஆய்வுக்கு ஒரு அதிகாரி வந்தார். பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நான் வகுப்பு வகுப்பாக நடந்தேன். தமிழ் வகுப்பில் ஒரு பெண்ணை எழுப்பி, "கயவர், பொருள் சொல்லும்மா" என்றார்.

அந்தப் பெண்தான் வளர்மதி. காலனிப் பிள்ளை. மூன்றாவது பெஞ்ச்.

"தப்புன்னு தெரிஞ்சும், நல்லவங்களாட்டக் காட்டிக்கிட்டுச் செய்யறவங்க, ஐயா."

அதிகாரி நோட்ஸை வாங்கிப் பார்த்தார். அடித்திருப்பதையும் பார்த்தார். "கீழ்மக்கள் என்றுதானே அச்சில் இருக்கிறது? யார் அடித்தது?"

"நானுங்க ஐயா," என்றார் எஸ்தர் டீச்சர். "எழுதுனவிய குணத்தை நெனச்சுத்தான் கீழ்னு எழுதியிருப்பாங்க. ஆனா பிள்ளைக குணத்தைப் பாக்கறதில்லீங்க, தெருவைப் பாக்குது. போன வருஷம் இந்தப் பொருளைப் படிச்சுக் காட்டுனப்ப, வகுப்பே திரும்பி மூணாவது பெஞ்சைப் பாத்துச்சுங்க. அந்த பெஞ்சுல இருந்தவிய யாருக்கும் ஒரு துரோகமும் பண்ணுலீங்க. அதனால அடிச்சுப்போட்டனுங்க."

"பரீட்சையில் மார்க் போகுமே அம்மா?"

"ஒரு மார்க்குதானுங்க ஐயா. போனாப் போகட்டும்."

அதிகாரி நோட்ஸைத் திருப்பிக் கொடுத்தார். என் கையிலிருந்த பதிவேட்டில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கற்பித்தல் நன்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் எனக்குச் சீட்டியடிக்க வேண்டும்போல இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எஸ்தர் டீச்சரைப் பார்த்து நான் அத்தனை பெருமைப்பட்டேன். பெருமைப்படுவதற்குச் செலவே இல்லை பாருங்கள்.

இரண்டு நாற்காலிகள்

அந்த வருஷம் பத்தாம் வகுப்புத் தேர்வில் வளர்மதி பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். மேலே படிக்கத் தாராபுரம் பெண்கள் பள்ளியில் சேர்ந்தும் விட்டாள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. முந்தைய தலைமையாசிரியர் யாரோ ஆரம்பித்து வைத்தது. சுதந்திர தினத்தன்று, முதல் மார்க் வாங்கிய பிள்ளையின் தாய் தகப்பனை மேடைக்கு அழைத்து, சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். விழா முடிகிற வரைக்கும் அவர்கள் மேடையில்தான் இருப்பார்கள். ஊர் முழுக்கப் பார்க்கும். தன் தாய் தகப்பனுக்கும் அந்த நாற்காலி கிடைக்க வேண்டும் என்றே படித்த பிள்ளைகள் உண்டு. அது வரையில் முதலாவதாக வந்தவர்கள் எல்லாம் ஊருக்குள் இருக்கிற தோட்டத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அதனால் அந்த வழக்கத்தில் ஒரு பிரச்சினை இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே இருந்தது.

வளர்மதியின் அப்பா மாரப்பன், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரின் தோட்டத்தில் பண்ணைய வேலை பார்க்கிறவர். அந்தத் தலைவர்தான் ஒவ்வொரு வருஷமும் சிறப்பு விருந்தினர்.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். "தொரைசாமி, தலைவரைப் போய்ப் பாத்துட்டு வாங்க. ஏதோ சொல்லோணுமாம். நீங்கதான் பக்குவமாப் பேசுவீங்க."

பக்குவமாகப் பேசுவேனாம். மூக்கு மேலே கோபம் வைத்திருக்கிறவனுக்கு இந்தப் பட்டம். எனக்கு உள்ளம் குளிர்ந்து போனது.

தலைவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளிக்கு போர்வெல் போட்டுக் கொடுத்தவர். பிள்ளைகளுக்கு மரத்தடியில் உட்காரச் சிமெண்டு பெஞ்ச் கட்டியவர். நான் போனதும் எழுந்து நின்று வரவேற்றார். இளநீர் வெட்டச் சொன்னார்.

"ஏனுங்க சார், வாங்கோ, சித்த உக்காருங்க. அந்தப் புள்ள படிச்சது எனக்குப் பெருமைதானுங்க. எங்க தோட்டத்துல வெளையாடுன புள்ள. ஆனா மாரப்பனைப் பாருங்க, நான் உக்காருடான்னாக்கூட என்ற முன்னால உக்காந்ததில்லீங்க. அவனைக் கொண்டுபோயி மேடையில உக்கார வெச்சா அவனுக்குத்தான் சங்கடம். நெளிஞ்சுட்டே இருப்பான். நீங்களே அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க. அவன் உக்காரறன்னா எனக்கென்னங்க?"

எத்தனை நியாயம்! யாரையும் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இளநீரைக் குடித்துவிட்டு நான் நேராகக் காலனிக்கு வண்டியை விட்டேன்.

சம்மதம்

மாரப்பன் வீட்டு வாசலில் அவர் மனைவி பழனியம்மா மக்காச்சோளக் கருதை உதிர்த்துக்கொண்டிருந்தார். மாரப்பன் அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டு இறங்கிக் கக்கத்துக்குப் போனது. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"மாரப்பா, சுதந்திர தினத்தன்னிக்கு மேடையில எல்லாரு முன்னாடியும் உக்காரோணும். உங்க பெரியவரு பக்கத்துலயே. உனக்குக் கூச்சமா இருக்குமில்ல?"

"ஆமாங்க சாமி."

"கீழ முன் பெஞ்சுலயே உக்காந்துக்கிறயா? பரிசு வாங்கப் புள்ள மட்டும் மேல வரட்டும்."

"ஆகட்டுங்க சாமி."

"உனக்கொண்ணும் வருத்தமில்லையே?"

"இல்லீங்க சாமி."

மூன்று கேள்வி, மூன்று பதில். பழனியம்மா கருதை உதிர்க்கிற சத்தம் நின்றுவிட்டு மறுபடியும் தொடங்கியது. வீட்டுக்குள்ளிருந்து வளர்மதி எட்டிப் பார்த்தாள். நான் வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. யார் மனமும் நோகாமல் காரியத்தை முடித்தாயிற்று என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் "சரிங்க" என்ற சொல்லுக்கு அளவே கிடையாது. பிடிக்காத சம்பந்தத்துக்கும் "பாக்கலாமுங்க", விற்க மனமில்லாத நிலத்துக்கும் "ஆகட்டுங்க". முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது எங்களுக்கு வராது. இது தெரியாதவனா நான்? தறிக்கூடத்து ஓனர் "அடுத்த மாசம் ரூமுக்கு ஃபேன் மாட்டிரலாமுங்க சார்" என்றால் அது நடக்காது என்று தெரிந்துகொள்ளத் தெரிந்த எனக்கு, மாரப்பன் சொன்ன "ஆகட்டுங்க" மட்டும் சம்மதமாகவே காதில் விழுந்தது.

மூடி வைத்த தயிர்ச்சோறு

அதற்கு மறுநாள்தான் ஆரம்பத்தில் சொன்ன மதியம். மார்க் லிஸ்ட் நகலில் கையெழுத்து வாங்க வந்த வளர்மதி, எஸ்தர் டீச்சரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறாள்.

நான் டிபன் பாக்ஸை மூடினேன். "டீச்சர், அவரையே கேட்டேன். அவரே வேண்டாம்னாரு. நான் யாரையும் தடுக்கல."

"நீங்க கேட்ட கேள்வியில அவரு மாட்டேன்னு சொல்றதுக்கு எங்கீங்க சார் எடமிருந்துச்சு? தோட்டத்துக்காரரு தன் வாயால சொல்லியிருந்தா அது அவரு பாடுன்னு உட்டிருப்பேன். நீங்க மாரப்பண்ணன் வாயாலயே சொல்ல வெச்சுட்டீங்க. அது தப்புன்னு தெரியாதவருங்களா நீங்க? தெரிஞ்சுதான் செஞ்சீங்க. செஞ்சுபோட்டுச் சந்தோசமாச் சாப்பிட உக்காந்திருக்கீங்க."

"எஸ்தர், வார்த்தையை அளந்து பேசும்மா. வாபஸ் வாங்கிக்க," என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து தலைமையாசிரியரின் குரல் வந்தது.

"அளந்துதானுங்க சார் பேசறேன். ஒத்த வார்த்தைதான பேசுனேன்," என்று சொல்லிவிட்டு அவர் வகுப்புக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் நாக்கு நுனி வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. அது அவர் செய்த எதையும் பற்றியதில்லை. அவர் பிறந்த தெருவைப் பற்றியது. வெளியே வரவில்லை. பல்லைக் கடித்து விழுங்கிவிட்டேன். ஆனால் அது எனக்குள் இருந்தது, கூப்பிட்டவுடன் ஓடி வந்தது என்பதை நான் பார்த்துவிட்டேன்.

அவர் என்னைச் சொன்ன வார்த்தையையும், நான் அவரைச் சொல்ல வந்த வார்த்தையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று மதியம் எட்டாம் வகுப்புக்கு நான் போகவில்லை. முப்பத்திரண்டு வயது ஆம்பிளை, ஆய்வகத்தில் அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன் என்று இப்போது எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

காற்றடித்த காலை

ஆகஸ்டு மாதத்தில் எங்கள் பக்கம் காற்று எப்படி அடிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பி, பல்லடம் தாராபுரம் பொட்டல்களில் தடுப்பாரில்லாமல் ஓடும். சுதந்திர தினத்தன்று காலை சாமியானாப் பந்தலின் நாலு காலையும் நாலு பேர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வண்ணக் காகிதத் தோரணம் பிய்ந்து வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டது. ஏற்றின கொடி படபடவென்று அடித்துக்கொண்டது.

மைக் என் கையில். நிகழ்ச்சி நிரலும் என் கையில். தலைமையாசிரியர் பார்த்துக் கையெழுத்திட்ட நிரல். "முதலிடம் பெற்ற மாணவி பரிசு பெற மேடைக்கு வருவார்" என்று அதில் இருந்தது. பெற்றோரைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை.

முன் பெஞ்சில் மாரப்பனும் பழனியம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். பழனியம்மா மடிப்புக் கலையாத புதுப் புடவை கட்டியிருந்தார். கீழே உட்காரத்தான் போகிறோம் என்று தெரிந்தும் கட்டிக்கொண்டு வந்த புடவை. வளர்மதி அவர்கள் நடுவில். எஸ்தர் டீச்சர் பின்னால் பாட்டுக் குழுவை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

முன்கூட்டியே முடிவு செய்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அந்த வரி வரும்வரை நிரலில் இருப்பதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வரி வந்ததும் என் வாய் இப்படிச் சொன்னது:

"முதலிடம் பெற்ற வளர்மதியின் தாயார் திருமதி பழனியம்மா அவர்களையும், தந்தையார் திரு. மாரப்பன் அவர்களையும் மேடைக்கு வந்து அமரும்படி பள்ளியின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன்."

குழாய் ஸ்பீக்கர் அதைத் தெருக்கோடி வரைக்கும் கொண்டுபோனது. தலைமையாசிரியரின் முகம் வெளுத்தது. மேடையில் நாற்காலி இல்லையே! மைக்கை மேஜையில் வைத்துவிட்டு அவர் அறைக்கு ஓடினேன். இரண்டு நாற்காலிகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு திரும்பினேன். காற்று என்னையும் நாற்காலிகளையும் சேர்த்துத் தள்ளியது. கீழே பிள்ளைகள் சிரித்தார்கள். டிரில் மாஸ்டர் ஓடி வந்து ஒன்றை வாங்கிக்கொண்டார்.

முதலில் எழுந்தது பழனியம்மாதான். விறுவிறுவென்று படியேறி வந்தார். மாரப்பன் பின்னாலேயே வந்தார். பழனியம்மா உட்கார்ந்துவிட்டார். மாரப்பன் தன் நாற்காலிக்கு முன்னால் நின்றார். துண்டு கக்கத்தில்.

கூட்டம் முழுக்கத் தலைவரைப் பார்த்தது. அவர் சிரித்த முகமாகவே, "அட, உக்காரு மாரப்பா. நானென்ன வேண்டாம்னா சொன்னேன்?" என்றார்.

மாரப்பன் உட்காரவில்லை. அந்த அனுமதியை வாங்கிக்கொண்டு உட்காருவதா வேண்டாமா என்று யோசித்தாரோ, கால்தான் மடங்கவில்லையோ, எனக்குத் தெரியாது. நின்றுகொண்டே இருந்தார். எங்கே மறுபடியும் "வேண்டாமுங்க சாமி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவாரோ என்று பயந்தேன். அப்படி இறங்கினால் நான் செய்தது இரண்டாவது அவமானமாகப் போயிருக்கும்.

பழனியம்மா அவருடைய சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவர் சொன்னதும் ஸ்பீக்கரில் கேட்டது.

"ஏனுங்க, உக்காருங்க. புள்ள பாக்குது."

மாரப்பன் கக்கத்திலிருந்த துண்டை எடுத்தார். தோளில் போட்டுக்கொண்டார். உட்கார்ந்தார்.

கைதட்டலை ஆரம்பித்தது பாட்டுக் குழுப் பிள்ளைகள். அப்புறம் மற்றப் பிள்ளைகள். பெரியவர்களில் பாதிப்பேர் தட்டினார்கள், பாதிப்பேர் தட்டவில்லை. தலைவரும் தட்டினார், அதையும் சொல்லிவிட வேண்டும். தேசிய கீதத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்கிற வரைக்கும் மாரப்பன் அந்த நாற்காலியில் இருந்தார்.

வாபஸ்

மிட்டாய் கொடுத்து முடித்துப் பந்தலைச் சுருட்டும்போது எஸ்தர் டீச்சரிடம் போனேன். பாராட்டுவார் என்று ஒரு நப்பாசை. மனித புத்தி எங்கே போகும்?

"டீச்சர், அன்னிக்குச் சொன்ன வார்த்தையை இனியாச்சும் வாபஸ் வாங்கிக்குவீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் சிரிப்பு இருந்தது.

"எதுக்குங்க சார்? அன்னிக்குச் சொன்னது அன்னிக்குச் செஞ்சதுக்கு. அது அப்படியே இருக்கட்டுங்க. பொறப்புலயே ஒட்டிக்கிட்டு வர்ற வார்த்தைன்னா நீங்க கவலைப்படலாம். இது செஞ்சப்ப மட்டும் ஒட்டுறது. இன்னிக்குச் செஞ்சதுக்கு வேணா டீ வாங்கித் தாரேன், வாங்க."

ரோட்டோரக் கடையில் நின்றபடியே டீ குடித்தோம். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் அந்த வார்த்தையை வகுப்பில் சொல்வதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் என்ன சேட்டை செய்தாலும் வேறு திட்டு தேட வேண்டியதாயிற்று. கஷ்டம்தான்.

மாரப்பன் சொன்னது

பத்து நாள் கழித்து டிரில் மாஸ்டர் ஒரு செய்தி கொண்டுவந்தார். மாரப்பன் தோட்டத்து வேலைக்குப் போவதில்லையாம்.

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். மைக்கில் பெயரைச் சொன்னவன் நான். எனக்கென்ன போயிற்று? தலைமையாசிரியர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான். பிழைப்புப் போனது மாரப்பனுக்கு. முதல் தடவை அவரைக் கேட்பதுபோலக் கேட்டு நானே முடிவு செய்தேன், இரண்டாம் தடவை கேட்காமலே செய்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு, விடிந்ததும் காலனிக்கு வண்டியை விட்டேன்.

மாரப்பன் வாசலில் சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். மதியச் சோற்றுத் தூக்குப் போசி ஹேண்டில்பாரில் தொங்கியது.

"வாங்க சார்."

"என்னை மன்னிச்சுக்குங்க," என்றேன். "வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். நான் வேணும்னா பெரியவர்கிட்டப் போய்ப் பேசறனுங்க."

"நிறுத்துலீங்க சார்," என்றார் அவர். பம்பை எடுத்துச் சுவரில் சாய்த்தார். "ரண்டு வாட்டி வரச்சொல்லி ஆளு உட்டாங்க. நாந்தான் மாட்டேன்னு சொல்லியனுப்பிச்சனுங்க. பல்லடத்துல தறிக்குப் போறன்."

"ஏனுங்க? ஏதாச்சும் சொல்லிட்டாங்களா?"

"ஒண்ணும் சொல்லுலீங்க. நல்ல மனுசன்தான். அன்னிக்கு அங்க உக்காந்திருந்தப்ப என்ற புள்ள கண்ணெடுக்காம என்னையே பாத்துட்டு இருந்துச்சுங்க. மறுநாளு நான் தோட்டத்துக்குப் போயி, பழையபடி துண்டக் கக்கத்துல வெச்சுட்டு நின்னன்னு வெச்சுக்குங்க. அதையும் அந்தப் புள்ள பாக்குமில்லீங்க?"

அவர் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

"நேரமாச்சுங்க சார், ஷிப்ட்டுக்குப் போகோணும். உள்ள பழனியம்மா இருக்குது, காப்பி குடிச்சுப்போட்டுப் போங்க. நான் வாரனுங்க."